குமரிக் கருமணல்: கரையையே கனிமமாகப் பார்க்கலாமா?

மின்சார வாகனங்களுக்குத் தேவையான காந்தங்களின் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு விதித்தது. அதன் பிறகு நம் குமரிக் கடற்கரையின் கருமணல் மீண்டும் பேசுபொருளாகியுள்ளது. அந்த மணலில் உள்ள மோனசைட்டில் இத்தகைய காந்தங்களுக்கான நியோடிமியம் இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவக் கிராமங்கள் கடுமையாக எதிர்க்கின்றன.

நாட்டின் தேவையா, மக்களின் கரையா? இதற்கு விடை தேடும் முன், கனிமங்கள் உருவாகும் விதத்தை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

நான்கு வகை, நான்கு கதை

கோலாரில், பூமியின் ஆழத்திலிருந்து மேலேறிய சூடான நீர் பாறை வெடிப்புகளில் தங்கத்தைப் படியவைத்தது. அதைத் தேடி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். கட்டுப்படியாகாமல் 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். அரியலூர் சுண்ணாம்புக்கல், பழங்காலக் கடலடியில் சிப்பிகளும் சேறும் படிந்து இறுகியது. ஏற்காட்டு பாக்சைட், மழைநீர் மற்றவற்றைக் கரைத்துக்கொண்டு போன பின் எஞ்சிய மண்.

கருமணல் இவற்றிலிருந்து வேறுபட்டது. மலைப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து ஆறுகள் வழியே கடலை அடைகின்றன. அங்கே அலைதான் முறம். முறத்தில் புடைக்கும்போது பதர் பறந்து நெல் தங்குவது போல, லேசான வெண்மணல் அடித்துச் செல்லப்பட, கனமான இல்மனைட், கார்னெட், மோனசைட் கரையில் தங்குகின்றன. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டுதான் 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டை அடையாளம் கண்டார்.

பிரச்சினை எங்கே?

மற்ற இடங்களில் கனிமம் நிலத்துக்குள் இருக்கிறது. இங்கே கரையே கனிமம். ஊருக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் காவலும் அதுதான். கனிமத்தைப் பிரித்தபின் மீதி மணலைத் திரும்பக் கொட்டலாம் என்கிறார்கள். ஆனால் அலையால் எளிதில் இழுக்க முடியாத கனமான மணலை எடுத்துவிட்டு லேசான மணலை மட்டும் கொட்டினால், கரை எத்தனை நாள் தாங்கும்? மோனசைட்டில் கதிரியக்கத் தோரியமும் இருக்கிறது. இவற்றுக்குத் தெளிவான பதில் வேண்டும்.

கடந்த கால அனுபவமும் நம்பிக்கை தருவதாக இல்லை. 2013-ல் தமிழக அரசு தாதுமணல் அள்ளத் தடை விதித்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தாதுமணல் முறைகேடு குறித்து சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அரசு கோரிய 5,832 கோடி ரூபாயை வசூலிக்கவும் வழிவிட்டது.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

மஃரிபில் இருந்த உப்பு வளத்தை அப்யழ் பின் ஹம்மால் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத ஊற்று நீரைப் போல எளிதில் கிடைப்பது என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதிலிருந்தே சட்ட அறிஞர்கள் வெளிப்படையான கனிமம், மறைவான கனிமம் என்று பிரித்தார்கள். வெளிப்படையானது மக்கள் அனைவருக்கும் பொதுவானது; தனியொருவருக்கு எழுதிக் கொடுக்கக்கூடாது. கனிமம் எப்படிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தே உரிமையும் அமைகிறது.

தேங்காய்ப்பட்டினத்திலும் குளச்சலிலும் நம் குடும்பங்களும் கிறிஸ்தவ மீனவச் சகோதரர்களும் ஒரே கரையில்தான் வாழ்கிறார்கள். கருத்துக்கேட்புக் கூட்டங்களை அந்தந்த ஊர்களிலேயே நடத்த வேண்டும். சார்பற்ற ஆய்வு முடியும்வரை மணலில் கை வைக்கக்கூடாது. இதை ஜமாஅத்துகளும் பங்குகளும் சேர்ந்து கேட்க வேண்டிய நேரம் இது.