கடிகார விதியும் ஃபாக் ஆராய்ச்சியும்

2022 ஏப்ரல் 28ஆம் தேதி இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவைக் குறித்து நமது அபிப்பிராயத்தைக் கேட்டு வாசகர் பலர் எழுதியிருக்கிறார்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது நிர்வாகத்தார் பாடு. 180 நாள் லாக்குகளைப் பேணுவது கேட்வேயின் சொற்ப ஃபிளாஷ் நினைவகத்துக்குப் பாரந்தான் என்றாலும், இரவில் கிளவுடுக்கு ஏற்றிவிட்டால் தீர்ந்துபோகும் செலவுப் பிரச்சினையே. நம்மை உலுக்க வேண்டியது, எவரும் அதிகம் பிரஸ்தாபிக்காத கடிகார விதி.

தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு, சகல கணினிகளின் கடிகாரங்களும் இசைந்திருக்க வேண்டும். நியாயமான விதிதான். ஆனால், மேலிணைப்பு அறுந்த வேளையிலும் தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்ளும் என்பதல்லவா ஃபாக் நோடுக்கு நாம் கற்பித்துவந்த மகிமை? அவ்வேளையில் அதற்கு நேரம் சொல்வார் யார்? பாட்டரிக் கடிகாரம் இல்லாத ராஸ்பெர்ரி பை 4 பலகையை நோடாக வைத்தவர்கள் அறிவார்கள்: மின்சாரம் போய்த் திரும்பி, லைன் மட்டும் திரும்பாதிருந்தால், அது கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து ஒன்றும் நடவாததுபோல் எண்ணத் தொடங்கி, புலனாய்வுக்கு அத்தியாவசியமான லாக்குகளிலெல்லாம் பொய்நேரத்தைப் பதித்துவிடும். பாட்டரி இருந்தாலும், 20 பிபிஎம் பிழையுள்ள கிரிஸ்டல் நாளொன்றுக்கு 1.7 விநாடி வரை விலகும். மின்தொகுப்பின் ஃபேசர் அளவீட்டிலோ, 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 31 மைக்ரோவிநாடிப் பிழையே மொத்தத் திசையன் பிழைக்கான 1 சதவீத வரம்பு முழுவதையும் தின்றுவிடும்.

2012இல் சிஸ்கோவின் பொனோமி குழுவினர் ஃபாக் கருத்தை முன்வைத்தது முதல் நம் மேசைக்கு வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை, ஐஃபாக்சிம் போன்ற சிமுலேட்டர்களுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முக்தியடைந்தவை. அங்கே எல்லா நோடுகளுக்கும் ஒரே கடிகாரம், அது பிசகுவதேயில்லை! இணைப்பற்ற வேளையில் நேரத்தைத் தாங்கும் ஹோல்டோவர், உள்வலையில் பிடிபி, லாக்கின் ஒவ்வொரு வரியிலும் நேரத்தோடு அதன் நிச்சயமின்மையையும் பதித்தல் என்று ஆராய்ச்சிக்கு விளைநிலம் எவ்வளவோ கிடக்கிறது.

விதைப்பவனுக்குத்தான் ஏர் கிடைப்பதில்லை. ஜிபிஎஸ் ரிசீவரும் பிடிபி ஸ்விட்சும் கேட்டு விண்ணப்பித்தால், 'சிமுலேஷன் போதுமே' என்று உபகரணத் தலைப்பை அடித்துவிட்டு, பயணப்படியை மட்டும் தாராளமாக அனுமதிக்கும் மானியக் குழுக்களின் விவேகத்தைப் பற்றி நாம் எழுதி அலுத்துவிட்டோம். களத்தில் ஒரு நோடையேனும் நிறுத்திப் பார்க்க மானியம் தராதவர்கள், களத்திலுள்ள நோடுகளுக்கெல்லாம் விதி வகுக்கிறார்கள். வகுத்ததிலாவது தெளிவு உண்டா? வேறு நேரமூலங்களைக் கொள்ளலாம், விலகல் மட்டும் கூடாதென்று செர்ட்-இன்னின் 2022 மே மாத விளக்கக் குறிப்பு சொல்கிறது. எவ்வளவு விலகினால் விலகல்? இணைப்பறுந்த நிலைக்கென்று தனி வரம்பை, மில்லிவிநாடிக் கணக்கில், செர்ட்-இன் அறிவிக்க வேண்டும். நம் பங்குக்கு, அடுத்த இதழ் முதல், சோதனையில் பயன்பட்ட கடிகாரம் எது, எவ்வளவு விலகியது என்று குறிப்பிடாத ஃபாக் கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.