கடப்பாரைச் சித்தாந்தம்

சென்னையின் புறநகர் வளர்ச்சியைப் பற்றி யார் எங்கே கருத்தரங்கு கூட்டினாலும், மேடையில் ஒரு பிரமுகர் எழுந்து, "பழைய கட்டடங்களைக் கட்டிக்கொண்டு அழுதால் நகரம் வளராது, இடித்துத் தள்ளுங்கள், இல்லையேல் விட்டுவிட்டு வெளியே வாருங்கள், புறநகரில் நிலத்துக்கா பஞ்சம்?" என்று முழங்குவதும், சபையோர் கரகோஷம் செய்வதும் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டன. இதே பிரசங்கத்தைப் பல வருஷங்களாகப் பல வாய்களிலிருந்து கேட்டுப் பொறுமை தேய்ந்துவிட்டபடியால், இந்தக் கடப்பாரைச் சித்தாந்தத்துக்குப் பிரமாணமாகச் சொல்லப்படும் நியாயங்களின் யோக்கியதையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று துணிந்தேன்.

ஒரு காரியத்துக்கென்று கட்டியது மறு காரியத்துக்கு உதவாது என்பது முதல் நியாயம். 2010-இல் ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டசபைக்கும் தலைமைச் செயலகத்துக்குமாக எழுந்த மாளிகை, நான்கே வருஷங்களில், 2014 பிப்ரவரியில், பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகி, இன்றும் ஏழை நோயாளிகளுக்கு வைத்தியம் செய்துகொண்டிருப்பதை இப்பிரமுகர்கள் அறியார் போலும். அந்த மாற்றம் எந்த மனோபாவத்தில் செய்யப்பட்டது என்பது வேறு விஷயம். கட்டடம் ஆட்சேபிக்கவில்லை என்பதுதான் நமக்கு வேண்டியது. புறநகர் உதாரணமே வேண்டுமானால், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திய ஆலை, சில வருஷங்கள் பூட்டிக் கிடந்த பின், சால்காம்ப் நிறுவனத்தின் கைக்கு மாறிக் கைபேசிச் சார்ஜர் செய்யும் ஆலையாக மறுபிறவி எடுத்திருக்கிறது.

பழைய கட்டடம் ஆபத்தானது என்பது அடுத்தது. 2014 ஜூனில் போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 உயிர்களைக் குடித்த பதினொரு மாடிக் கட்டடம் பழையதன்று. அதில் அதுவரை ஒருவரும் குடியேறக்கூட இல்லை.

பழுது பார்க்கும் செலவு அதிகம் என்பார்கள். பல வருஷம் பராமரிக்காமல் விட்டவரே வந்து அந்தக் கணக்கை நீட்டும்போது, பதில் சொல்லிக் காலத்தைப் போக்குவானேன்?

அவர்களுடைய பிரம்மாஸ்திரம், புறநகரில் நிலம் மலிவு என்பதுதான். எந்தக் கணக்கில் மலிவு? பிராட்வேயில் நெரிசல் தாங்கவில்லை என்று, 2002-இல், அப்போது ஊரின் மேற்கு ஓரமாக இருந்த கோயம்பேட்டில் சுமார் 37 ஏக்கரில் வெளியூர்ப் பேருந்து நிலையம் கட்டினோம். ஆசியாவிலேயே பெரியது என்று மார்தட்டியும் கொண்டோம். அதை நம்பி நூறடிச் சாலையில் விடுதிகளும் கடைகளும் வந்தன, மேம்பாலம் வந்தது, 2015 ஜூனில் மெட்ரோ ரயில் அதன் வாசலுக்கே வந்து நின்றது. இத்தனை சௌகரியங்களும் ஜனங்களின் வரிப்பணத்தில் ஓரிடத்தில் ஒன்றுகூடிய பிறகு, அங்கேயும் நெரிசல் என்று கண்டுபிடித்து, 2023 டிசம்பர் 30-ஆம் தேதி, வண்டலூருக்கும் அப்பால் கிளாம்பாக்கத்தில் சுமார் 88 ஏக்கரில் புது நிலையத்தைத் திறந்து, தென் மாவட்டப் பேருந்துகளைச் சில வாரங்களில் அங்கே கொண்டுபோய் விட்டோம். திறப்பு விழா அன்று அங்கே ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. மெட்ரோ இருந்த இடத்திலோ மதுரைக்குப் போகும் அரசுப் பேருந்து இல்லை. நெல்லையிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கியவர், வீடுபோய்ச் சேர அகாலத்தில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக் கொடுத்த பணத்தை, 'மலிவு' என்ற கணக்கில் வரவில் வைத்தார்களா, செலவில் வைத்தார்களா? இருபத்தொரு வருஷத்துக்கு ஒருமுறை நிலையத்தைத் தூக்கிக்கொண்டு நெரிசலுக்கு முன்னால் ஓடுவதுதான் சாஸ்திரம் என்றால், அடுத்தது செங்கல்பட்டு, அதற்கடுத்தது திண்டிவனம். இப்படியே போனால் மதுரைக்காரர் சென்னைக்குப் பிரயாணம் செய்யவே வேண்டியதில்லை, சென்னையே மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

காலி நிலம் என்று அவர்கள் கைகாட்டுமிடம் பல சமயங்களில் ஏரியும் சதுப்பும் வெள்ள வடிகாலுமாக இருப்பதைப் பற்றி நான் விஸ்தரிக்கப் போவதில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகேறித் தப்பியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். மூன்றாவது முழுமைத் திட்டமும் தயாராகி வருகிறது. அதை வகுக்கும் அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: புது நிலத்தின்மேல் ஒரு கோடு இழுக்குமுன், இந்தப் பரப்புக்குள் மூடிக் கிடக்கும் ஆலைகளையும், பூட்டிய கிடங்குகளையும், பாதி வேலை இழந்து நிற்கும் கோயம்பேட்டையும் சர்வே எண்ணோடு பட்டியல் எடுத்து, ஜனங்களின் பார்வைக்கு வையுங்கள்.