மூட்டை கிட்டங்கியில், மாதிரி கையில்



பருப்பு விற்கப் போகிறவர் மூட்டையைச் சுமந்துகொண்டு கடை கடையாக ஏறுவதில்லை. ஒரு பிடி மாதிரியைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போகிறார். மூட்டை கிட்டங்கியில் பத்திரமாக இருக்கிறது. தகப்பனார் காலத்திலிருந்து நாம் கடைப்பிடிக்கும் இந்த வழக்கத்தை, கம்ப்யூட்டரில் உள்ள சரக்குப் படங்கள் விஷயத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம். இதுவே என் ஆதங்கம்.

இன்று சில்லறைக் கடைக்காரர்கள் விலைப் பட்டியலோடு படமும் கேட்கிறார்கள். செல்போனில் எடுக்கும் படம் ஒன்று நான்கு எம்.பி. என்று வைத்துக்கொண்டால், எண்பது ஐட்டத்துக்கு 320 எம்.பி. ஆகிறது. ஜிமெயிலில் ஒரு கடிதத்தோடு 25 எம்.பி.க்கு மேல் இணைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடுகிறது. பாக்கெட்டில் உள்ள எம்.ஆர்.பி. மங்கிப் போகிறது. ஆகவே அளவறிந்து நாமே சுருக்கி அனுப்புவதுதான் முறை.

ஒவ்வொரு படமாகத் திறந்து சுருக்கினால் வியாபாரம் பார்க்க நேரமிருக்காது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் இமேஜ் ரீசைசர் என்ற கருவி இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேலை செய்யும். ஃபோல்டரில் உள்ள படங்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, அளவைச் சொன்னால் போதும். நூறு படமானாலும் சில நிமிட வேலைதான். 1996 முதல் இருந்துவரும் இர்ஃபான்வியூ என்ற மென்பொருளும் இதைச் செய்யும். ஆனால் அது வீட்டு உபயோகத்துக்குத்தான் இலவசம். கடைக்குப் பயன்படுத்தினால் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். நம் சரக்கை ஒருவர் காசு தராமல் எடுத்துப் போனால் சும்மா இருப்போமா?

இனி, நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 2022 மழைக்காலத்தில் எனக்கு வந்த லாரியில் முப்பது மூட்டை துவரம் பருப்பு நனைந்துவிட்டது. மூட்டைச் சீட்டில் உள்ள லாட் எண் தெரியும்படி படம் எடுத்து, விலைப் பட்டியல் படங்கள் இருந்த ஃபோல்டரிலேயே போட்டு வைத்தேன். மறுநாள் கடைப் பையன் அந்த ஃபோல்டர் முழுவதையும் மிகச் சிறிய அளவுக்குச் சுருக்கினான். மூலப் படத்தையே மாற்றச் சொல்லும் கட்டத்தில் டிக் இருந்ததை அவன் கவனிக்கவில்லை. 4000-க்கு 3000 என்று ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள் இருந்த படம், 640-க்கு 480 என்று மூன்று லட்சம் புள்ளிகளாகிவிட்டது. நஷ்டஈடு கேட்டபோது லாட் எண்ணைப் படிக்க முடியவில்லை. கேட்ட தொகையில் பாதிதான் கைக்கு வந்தது. சுருக்கிய படத்தைத் திரும்பப் பெரிதாக்கினாலும் போன எழுத்து போனதுதான். பையன் மேல் குற்றமில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்த என் மேல்தான் குற்றம்.

அன்று முதல் என் கடையில் மூன்று கட்டுப்பாடுகள். ஒன்று: மூலப் படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும், அவற்றின் நகலைத்தான் சுருக்குவோம். இரண்டு: முதலில் ஒரே ஒரு படத்தைச் சுருக்கி, விலையும் தேதியும் படிக்க முடிகிறதா என்று போனில் பார்த்த பிறகே மற்றவை. மூன்று: சேதாரப் படங்களையும் பில் படங்களையும் சுருக்கவே மாட்டோம்; வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் டாக்குமெண்டாக அனுப்புவோம்.

“இதெல்லாம் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள், முதலாளிக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். தராசைப் பையனிடம் கொடுத்தாலும் எடைக்கல்லை நாம்தானே சரிபார்க்கிறோம்? கம்ப்யூட்டரும் அப்படித்தான். சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் பயிற்சி நடத்தினால், முதலாளியும் பையனும் சேர்ந்தே உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். அறுபதைத் தாண்டிய நானே கற்றுக்கொண்டேன், உங்களால் முடியாதா?

மாதிரியைத் தாராளமாக அனுப்புங்கள். மூட்டை மட்டும் கிட்டங்கியிலேயே இருக்கட்டும்.