எந்தக் கோர்ட்டின் வாசலை மிதிப்பது?

அலுவலகத்தில் பாரபட்சம் நடக்கிறதென்று முறையிட்டவரைப் பதவியிறக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் பழிவாங்கலேயாகும். அமெரிக்காவில் 1964-ம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் இதைத் தடை செய்கிறது. பல மாநிலங்கள் தனிச் சட்டமும் வைத்திருக்கின்றன. ஆகவே பாதிக்கப்பட்டவர் முன் இரண்டு வாசல்கள்: மாநிலக் கோர்ட், பெடரல் கோர்ட்.

பெரிய கோர்ட்டில்தான் பெரிய நியாயம் கிடைக்கும் என்று எண்ணும் அன்பர்கள் பலர். அது சரியன்று. 1964-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாநிலக் கோர்ட்டிலும் வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டம் சில இடங்களில் அதிகமாகவும் தருகிறது. 15 பேருக்குக் குறைந்த ஸ்தாபனத்தைப் பெடரல் சட்டம் தொடாது. கலிபோர்னியாச் சட்டத்துக்கு 5 பேர் போதும். மன வேதனைக்கும் தண்டனையாகவும் தரும் நஷ்டஈட்டுக்குப் பெடரல் சட்டம், ஸ்தாபனத்தின் அளவுக்கேற்ப, 50,000 முதல் 3,00,000 டாலர் வரை உச்சவரம்பு கட்டுகிறது. கலிபோர்னியாச் சட்டத்தில் அவ்வரம்பு இல்லை.

முதலாளிகளின் வக்கீல்கள் இதை நன்கறிவர். மனுவில் பெடரல் சட்டத்தைச் சேர்த்தால், மாநிலக் கோர்ட்டில் போட்ட வழக்கையும் 30 நாளுக்குள் பெடரல் கோர்ட்டுக்கு மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமையுண்டு. மாநிலச் சட்டத்தை மட்டும் சொல்லி, இரு தரப்பும் ஒரே மாநிலத்தவராயின், வழக்கு பெரும்பாலும் அங்கேயே நிற்கும். ஆகவே மனு எழுதும்போதே கோர்ட்டும் முடிவாகிவிடுகிறது.

இரண்டு வாசலிலும் மாறி மாறித் தட்டலாம் என்று நினைப்பதும் ஆபத்து. போலந்திலிருந்து குடியேறிய பொறியாளர் ஒருவரின் பாரபட்சப் புகாரை நியூயார்க் மாநில இலாகா தள்ளியது. அவர் மாநிலக் கோர்ட்டில் அப்பீல் செய்து தோற்றார். பிறகு பெடரல் கோர்ட்டுக்குப் போனார். மாநிலக் கோர்ட் தீர்த்துவிட்டதை மீண்டும் விசாரிக்க இயலாதென்று 1982-ல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது.

எல்லாவற்றிலும் முக்கியம் நாள் கணக்கு. பெடரல் சமவேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாளுக்குள், மாநில இலாகா உள்ள இடங்களில் 300 நாளுக்குள், புகார் செய்ய வேண்டும். வழக்குக்கு அனுமதிக் கடிதம் வந்தால் 90 நாளே அவகாசம். மாநிலச் சட்டங்களுக்குத் தனிக் கெடு உண்டு.

சம்பளம் தந்த இடத்தின் மேல் வழக்கா, உண்ட வீட்டுக்கு இரண்டகமல்லவா என்று தயங்கியே நாளைக் கடத்துவோர் உண்டு. சட்டம் தந்த உரிமையைக் கேட்பது இரண்டகமன்று. முறையிட்ட தேதியையும் தண்டனை வந்த தேதியையும் குறித்துக்கொண்டு, வேலை வழக்குகளில் தேர்ந்த வக்கீலிடம் உடனே செல்வதே விவேகம். கெடு தாண்டிய பின் எந்த வாசலும் திறவாது.