நிழலுக்கு ஒளி எங்கிருந்து?

கணினி வரைகலையில் விண்வெளிக் காட்சி ஒன்றுக்கு லைட்டிங் முடித்து நாலு பேருக்கு அனுப்பினால், மூன்று பேராவது சொல்வது இது: "நிழல் ரொம்பக் கருப்பா இருக்கு, கொஞ்சம் தூக்குங்க." காற்றுக்கு நடுவிலேயே பழகிய கண் அப்படித்தான் சொல்லும்.

காலை எட்டு மணிக்குத் திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கீழே நின்று பாருங்கள். வெயில் படும் பக்கம் பாறை வெளுத்திருக்கும். நிழல் பக்கத்திலும் வெடிப்புகள், மழைநீர் வழிந்த கறைகள் எல்லாம் தெளிவாகத் தெரியும். மேலிருந்து வானம் முழுவதும் நீல ஒளியை இறைக்கிறது. அடிவாரத்து மண் கீழிருந்து சற்றே மஞ்சளான ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. விண்வெளியில் அந்த வானம் கிடையாது. அரை டிகிரி அகலமுள்ள சூரியன் ஒன்று. பக்கத்தில் ஏதாவது பொருள் இருந்தால் அதில் பட்டுத் திரும்புவது. அவ்வளவுதான்.

ஆகவே "தூக்குங்க" என்றதும் டோம் லைட்டை ஏற்றிவிடாதீர்கள். கிலோமீட்டர் நீளக் கப்பல், மேசைமேல் வைத்த பொம்மையாகிவிடும். அந்த நிழலுக்கு ஒளி எங்கிருந்து வர முடியும் என்று தேடுங்கள். பூமிக்கு அருகில் என்றால் பூமியே ஃபில் லைட். தன்மேல் விழும் ஒளியில் சுமார் 30 சதவீதத்தை அது திருப்புகிறது. 'கிராவிட்டி' (2013) படத்தில் நடிகர்கள் முகத்தில் இந்த ஒளியை வரவழைக்கவே எல்.இ.டி. பலகைகளால் ஒரு பெட்டி கட்டினார்கள். நிலாவோ சராசரியாக 12 சதவீதம்தான் திருப்பும்.

நிலாத் தரைக்கு ரெஃபரன்ஸ் தேடி அலைய வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. அதே மாதம் 30ஆம் தேதி அதன் லேண்டர் விக்ரமை ரோவர் பிரக்யான் எடுத்த படங்களை இஸ்ரோ வெளியிட்டிருக்கிறது. இறங்கிய இடம் சுமார் 69 டிகிரி தெற்கு. நண்பகலிலும் சூரியன் அங்கே சுமார் 22 டிகிரிக்கு மேல் ஏறாது. அதனால் சின்னக் குழிக்குக்கூட நீண்ட நிழல் விழும். வத்தலக்குண்டு சாலையில் போகும்போது கொடைக்கானல் மலை நீலமாக மங்கித் தெரியுமே, அந்த மங்கல் நிலாவில் இல்லை. தூரத்து மேட்டுக்கு ஹேஸ் போடச் சொல்லி யாராவது குறிப்பு அனுப்பினால் இந்தப் படங்களைப் பதிலாக அனுப்பலாம்.

இன்னொரு ரெஃபரன்ஸ் நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனின் முழு வட்டத்தையும் படம் எடுத்து வருகிறது. அவற்றில் விளிம்பு நடுப்பகுதியைவிட மங்கியிருப்பதைப் பார்க்கலாம். பௌர்ணமி நிலாவில் அப்படி விளிம்பு மங்காது. நம்மவர்கள் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சூரியனைத் தட்டையான வெள்ளை வட்டமாக வைத்துவிட்டு, முழுநிலாவுக்கு லாம்பர்ட் ஷேடர் போட்டு ஓரத்தை இருட்டாக்குகிறார்கள்.

கருத்துக் கேட்கும் விதமும் முக்கியம். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். சூரியன் எந்தப் பக்கம், எக்ஸ்போஷர் என்ன என்று எழுதுங்கள். கீ லைட் மட்டும் எரியும் ரெண்டர் ஒன்று, பவுன்ஸ் மட்டும் ஒன்று, சாம்பல் பந்தும் குரோம் பந்தும் வைத்த ஃப்ரேம் ஒன்று சேர்த்து அனுப்புங்கள். கேள்வி ஒன்று போதும்: "கப்பலின் அடிப்பக்க ஒளி பூமியிலிருந்து வருவதாகத் தெரிகிறதா?"

திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே சென்னை ஸ்டுடியோவுக்கு வேலை செய்பவருக்கு டெய்லிஸ் அறை கிடையாது. படம் வாட்ஸப்பில் போகும். அந்தப் பக்கம் லீட் அதை வெயிலில் நின்று செல்போனில் பார்ப்பார். சுருக்கிய படத்தில் இருட்டுப் பகுதி பட்டை பட்டையாக உடையும். அவர் குறை சொல்வது அந்தச் சுருக்கத்தை. 16 பிட் கோப்பாக அனுப்பி, மானிட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக எல்லோரும் கேட்பது: "நட்சத்திரம் எங்கே?" வெயில் படும் கப்பலுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் நட்சத்திரம் பதிவாகாது. இயக்குநர் கேட்டால் வைக்கத்தான் வேண்டும். தனி லேயரில் வையுங்கள். அடுத்த வாரம் எடுத்துவிடச் சொல்லப்போவதும் அவர்தான்.