வெளியே வந்தபின் என்ன ஆனார்கள்?

ஜொகூர் அரசின் கருவூலத்தை நிரப்பிய முதல் பெரிய வருமானங்களில் ஒன்று அபின். 1844-ஆம் ஆண்டிலிருந்து ஜொகூரின் ஆட்சியாளர் தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றோரக் காடுகளைச் சீன முதலாளிகளுக்கு ‘சூராட் சுங்கை’ என்ற பத்திரம் எழுதிக் கொடுத்தார். பத்திரம் பெற்றவர் கங்சு எனப்பட்டார். அவர் கூலிகளைக் கொண்டுவந்து மிளகும், தோல் பதனிட உதவும் காம்பியரும் பயிரிட்டார். அந்த ஆற்றங்கரைக்குள் அபின் விற்கவும், சாராயம் விற்கவும், சூதாட்டமும் அடகுக்கடையும் நடத்தவும் அவருக்கே உரிமை. கூலி கொடுத்த கையே அபினை விற்று அந்தக் கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று ஜொகூர் பாருவைச் சுற்றி இன்றும் வழங்கும் பெயர்கள் அந்தக் குடியிருப்புகளின் மிச்சம். 1917-இல் கங்சு முறை ஒழிந்தது. அபின் ஒழியவில்லை. மலாயாவில் அதை விற்கும் வேலையைக் காலனி அரசே 1910 முதல் கையில் எடுத்திருந்தது. போருக்குப் பிறகு, 1946-இல்தான் முழுத் தடை வந்தது.

போதை மறுவாழ்வு இல்லங்களை எப்படி மதிப்பிடுவது என்று கேட்கப் புகுந்தவன் காம்பியர் தோட்டத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மண்ணில் போதைக்கு அடிமையான மனிதனை எப்போதும் யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். முதலில் வரி வசூலித்தவர் எண்ணினார். பிறகு தோட்ட நிர்வாகி எண்ணினார். அதற்கும் பிறகு போலீஸ் எண்ணியது. அவன் பிழைத்தானா என்பது அவர்கள் யாருடைய கணக்கிலும் இல்லை.

ஜொகூரில் தமிழர் கதை பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தில் தொடங்குகிறது. ரயில் பாதை வந்தபின் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் எங்கும் காடு வெட்டித் தோட்டங்கள் எழுந்தன. மலாயாவின் தோட்டங்களில் லயம், கோயில், ஆலை இவற்றோடு கள்ளுக்கடையும் ஓர் அங்கமானது. சம்பள நாளில் அங்கே வரிசை நின்றது. கள்ளு போதாதவன் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்குப் போனான். இதை நம் மக்கள் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் காலத்தில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947-இல் கெடாவின் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை முன் மறியல் செய்தது, போலீஸ் பாய்ந்தது. படிப்பில்லாத கூலி என்று இழிவாகப் பேசப்பட்ட அந்த மனிதர்கள், குடி ஒருவனுடைய ஒழுக்கக் கேடு மட்டுமல்ல, அவனைச் சுற்றி அமைக்கப்பட்ட ஏற்பாடு என்பதை அன்றைய அதிகாரிகளைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்தப் போராட்டத்திலும் ஒரு கேள்வி எழவில்லை. கடை மூடியபிறகும் கை நடுங்குகிறவனுக்கு என்ன வழி? ஜொகூரில் அவனுக்கென்று ஓர் இடம் இருக்கவில்லை. தம்போயில் 1937-இல் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டிருந்தது. இன்று பெர்மாய் என்று அழைக்கப்படுவது அதுதான். அடிமைப்பட்டவரைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் தனி நிலையம் வந்தது சிங்கப்பூர்ப் பாலத்துக்கு அப்பால். 1955-இல் சிங்கப்பூர், செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் அடிமைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கியது. தீவைத் தேர்ந்ததிலேயே அந்தக் காலத்தின் எண்ணம் தெரிகிறது: மனிதனை ஊரிலிருந்து பிரித்துவிட்டால் பழக்கமும் பிரிந்துவிடும்.

இந்த எண்ணம் ஆசியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகருக்கு வெளியே 1935-இல் ஒரு பண்ணை-மருத்துவமனை திறந்தார்கள். பெரிய கட்டடம், நிலம், தொழிற்பயிற்சி, மருத்துவர்கள், எல்லாம் இருந்தன. உலகமே பார்த்து வியந்தது. பிறகு இரண்டு ஆய்வாளர்கள், அங்கிருந்து நியூயார்க்குக்குத் திரும்பிய 1,881 பேரைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மீண்டும் பழக்கத்துக்குள் போயிருந்தார்கள். பெரும்பாலோர் ஆறே மாதத்துக்குள். 1962-இல் வெளிவந்த இந்த முடிவு, உள்ளே எவ்வளவு நன்றாக நடத்தினாலும் வெளியே ஏற்பாடு இல்லாவிட்டால் பலனில்லை என்பதை உணர்த்தியது. மலேசியா அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

1970-களில் ஹெராயின் வந்தது. 1983 பிப்ரவரியில் பிரதமர் மகாதீர் போதைப்பொருளை நாட்டுப் பாதுகாப்புக்கான முதன்மை அச்சுறுத்தல் என்று அறிவித்தார். அதே ஆண்டு கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை வந்தது. போதைப்பொருள் சார்ந்தோர் சிகிச்சை மற்றும் மறுவாழ்வுச் சட்டமும் வந்தது. மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் இரண்டு ஆண்டு மையத்துக்குள், பிறகு இரண்டு ஆண்டு கண்காணிப்பில். ‘செரெந்தி’ மையங்கள் எழுந்தன. ஜொகூரில் தம்போயிலும் மூவாரிலும் இருந்தவை நம் ஊர்க் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள். மருந்தில்லாமல் நிறுத்துவது, அணிவகுப்பு, கடும் உடற்பயிற்சி, வேலை: பட்டாளத்தைப் பார்த்து அமைத்த முறை. அங்கே உண்மையான அக்கறையோடு உழைத்த அலுவலர்கள் இருந்தார்கள். அங்கிருந்து திருந்தி வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த மையத்தின் வெற்றி எதை வைத்து அளக்கப்பட்டது? எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், எத்தனை பேர் காலம் முடித்து வெளியேறினார்கள் என்பதை வைத்து. வெளியேறியவன் மறுபடி அதே வாசலுக்கு வந்து நின்றால், அவன் புதிய எண்ணிக்கையாகச் சேர்ந்தான்.

இந்த அணுகுமுறைக்கு நாடு கொடுத்த விலை எச்.ஐ.வி. 2002-இல் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. அந்தக் காலத்தில் பெரும்பகுதி ஊசி பகிர்ந்ததால் வந்தது. அந்த அதிர்ச்சிதான் கொள்கையை அசைத்தது. 2005-இல் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. 2006-இல் சுத்தமான ஊசி வழங்கும் முன்னோடித் திட்டம் மூன்று இடங்களில் வந்தபோது அவற்றில் ஒன்று ஜொகூர் பாரு. 2010-இல் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம், மனிதர் தாமே விரும்பி வரும் சிகிச்சை மையங்களைத் திறந்தது. 2012-இல் ஐ.நா.வின் பன்னிரண்டு அமைப்புகள் கூடிக் கட்டாயத் தடுப்பு மையங்களை மூடச் சொல்லிக் கூட்டறிக்கை விட்டன.

இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்தது. மலேசியாவில் கட்டாய மையத்திலிருந்து வெளிவந்த ஹெராயின் அடிமைகளையும், மெத்தடோனோடு தாமாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். கட்டாய மையத்தார் பாதிப்பேர் மறுபடி பழக்கத்துக்குப் போக எடுத்த காலம் 31 நாள். தாமாகச் சேர்ந்தவர்களுக்கு 352 நாள். தாமாக வருபவனுக்கு முன்பே மனம் உறுதியாக இருக்கும், அதனால் இந்த ஒப்பீடு முழு நியாயமல்ல என்று சொல்லலாம். ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தும் இடைவெளி பெரிதாகவே நின்றது. இரண்டு ஆண்டு வரையிலான சிறைவாசமும் அரசுப் பணமும் செலவழித்து ஒரு மாதம் வாங்கினோம் என்பதே இதன் பொருள். இதைக் கண்டுபிடித்தது வெளியேறியவர்களைத் தேடிப்போன ஓர் ஆய்வுக் குழு. மையங்களை நடத்தியவர்கள் அந்தத் தேடலை 1983-லிருந்தே தாங்களாகச் செய்திருக்க வேண்டும்.

இன்று ஜொகூரில் குடும்பம் எதிர்கொள்ளும் நிலைமை வேறு. ஹெராயினைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஷாபு என்ற மெத்தம்ஃபெட்டமின் வந்துவிட்டது. அதற்கு மெத்தடோன் போன்ற மாற்று மருந்து கிடையாது. ஆலோசனை, குடும்ப ஆதரவு, நீண்ட தொடர்பு, இவைதான் சிகிச்சை. கூடவே குடி. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பொருளுக்காக எழுதப்பட்டது. குடிகாரன் அதன் கண்ணில் படவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது கள்ளுக்கடை போனது, சம்சு பின்தொடர்ந்து வந்தது. தோட்டத்தில் இருந்த உறவுமுறைக் கண்காணிப்பும் போய்விட்டது. மகன் மூன்றாவது முறையாக வீட்டுச் சாமானை விற்றுவிட்ட பிறகு, ஒரு தாய் தனியார் இல்லத்தின் தொலைபேசி எண்ணைத் தேடுகிறாள். தேவாலயம் நடத்துவது, கோயில் அன்பர்கள் நடத்துவது, மீண்டு வந்த ஒருவரே நடத்துவது என்று பல வகை. அவள் கையில் இருப்பது சில ஆயிரம் வெள்ளியும், அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதே என்ற அச்சமும். அந்த அச்சத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு. முதலில், இல்லம் பதிவு பெற்றதா என்று. தனியார் போதை மறுவாழ்வு மையத்துக்கும் அனுமதி வேண்டும் என்பது சட்டம். பதிவில்லாத இடம் எவ்வளவு புண்ணிய நோக்கோடு நடந்தாலும் ஆபத்தானது. தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த குடிசை எரிந்தபோது, சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த 28 பேர் கருகினார்கள். அவர்களை அங்கே விட்டதும் அன்பு கொண்ட குடும்பங்கள்தான்.

அடுத்து, மருத்துவர் உண்டா என்று. பல ஆண்டு குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். ஜெபமும் பஜனையும் அந்த இரவைத் தாண்ட உதவாது. ஹெராயின் அடிமைக்கு ஆபத்து இதற்கு எதிர்ப்புறத்தில் இருக்கிறது. சில மாதம் இல்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் பழைய அளவையே எடுத்து இறந்துபோகிறவர்கள் உலகெங்கும் உண்டு. இந்த எச்சரிக்கையைச் சொல்லி அனுப்பாத இல்லம் தன் வேலையைப் பாதியில் விட்டது. விரும்பினால் வெளியேறலாமா, தொலைபேசியில் வீட்டோடு பேசலாமா, அடி உண்டா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். ஒரே ஒரு தலைவரின் சொல்லே வேதம் என்று நடக்கும் இடம் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் சினனான் சாட்சி. 1958-இல் போதையிலிருந்து மீட்கத் தொடங்கிய அமைப்பு அது; இருபதே ஆண்டில், எதிர்த்து வழக்காடிய வக்கீலின் அஞ்சல் பெட்டியில் விஷப்பாம்பை வைக்கும் கூட்டமாக மாறியது.

இவை எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்று. “எண்பது சதவீத வெற்றி” என்று சொல்லும் இல்லத்தாரிடம், அது எதில் எண்பது என்று கேளுங்கள். சேர்ந்த அத்தனை பேரிலா, காலம் முடித்தவர்களில் மட்டுமா? நடுவில் ஓடிப்போனவர் கணக்கில் உண்டா? தொலைபேசியை எடுக்காதவரை நலமாக இருப்பதாக வைத்தீர்களா? யார் போய்ப் பார்த்தது, எத்தனை மாதம் கழித்து? நேர்மையான இல்லம் இந்தக் கேள்விக்கு எண்பதைவிடக் குறைந்த எண்ணைத்தான் சொல்லும். அந்தக் குறைந்த எண்ணைச் சொல்பவரை நம்பலாம்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தபின் 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் மனைவிக்கும் பெற்றோருக்கும் தனிப் பயிற்சி உண்டு. வெளியேறியவரைத் தொடர்ந்து பார்ப்பது சிகிச்சையின் பகுதி. தமிழ்நாட்டின் மஞ்சக்குடியில் கிராம மக்கள் நடுவிலேயே முகாம் போட்டார்கள். மனிதனைத் தீவுக்குக் கொண்டுபோகாமல், தீவிலிருந்து திரும்பப் போகிற ஊரையே சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். பெரும் பணக்கார நாடுகளின் ஆய்வுகள் நீண்ட காலத்துக்குப் பின் சென்றடைந்த முடிவை, கணவரைப் பறிகொடுத்த பெண்மணி ஒருவர் தன் துயரத்திலிருந்து நேராகக் கண்டுகொண்டார்.

தங்கிச் சிகிச்சை பெறும் இல்லங்களே வேண்டாம் என்று வாதாடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஷாபுவால் புத்தி தடுமாறியவர், வீடே இல்லாதவர், வீட்டிலேயே விற்பனை நடக்கும் அடுக்குமாடியில் இருப்பவர், இவர்களுக்குச் சில மாதம் ஒரு பாதுகாப்பான கூரை தேவை. கூரையின் கீழ் கழியும் மாதங்களுக்குத் தரும் பணத்திலும் உழைப்பிலும் ஒரு பங்கை, அதற்குப் பிந்திய ஓராண்டுக்கும் ஒதுக்க வேண்டும். வேலை தேடித் தருவது, வாரம் ஒருமுறை பார்ப்பது, சறுக்கினால் திட்டாமல் திரும்பச் சேர்ப்பது. சறுக்குவது இந்த நோயின் இயல்பு. அதைத் தோல்வி என்று மறைக்கிற இல்லம், சறுக்கியவனைத் தெருவில் விடுகிறது.

2024-இல் நாடாளுமன்றம் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. நாற்பது ஆண்டுக்குப் பின் கதவு திறந்திருக்கும் இந்த நேரத்தில் ஜொகூர் மாநில அரசும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமும் ஒன்று செய்யட்டும். அரசு மையமோ தனியார் இல்லமோ, போதைப்பொருளுக்கோ குடிக்கோ, ஒவ்வொன்றிலும் சேர்ந்தவர் எத்தனை, ஓராண்டுக்குப் பின் உயிரோடும் வேலையோடும் இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்பதை ஆண்டுதோறும் அந்தந்த இல்லத்தின் பெயரோடு வெளியிடட்டும். நன்கொடை தரும் கோயில் நிர்வாகங்களும் தமிழ் இயக்கங்களும் அந்தக் கணக்கைப் பார்க்காமல் காசோலையில் கையெழுத்திடக்கூடாது. அது வெளிவரும் வரை, பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரே, போன ஆண்டு இங்கிருந்து போனவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று நேருக்கு நேர் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.