கருக்கலைப்பும் கர்ப்பத்தடையும்

நமது நாட்டில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கருவைக் கலைத்துக் கொண்டு வீடு திரும்பினால் அவளுக்குக் கிடைப்பதென்ன? மாமியாரிடமிருந்து "பாவம் செய்தவள்" என்கின்ற பட்டமும், புருஷனிடமிருந்து "ஜாக்கிரதையாய் இருக்கக் கூடாதா?" என்கின்ற உபதேசமுந்தான். மறுபடியும் அந்தக் கதி நேராமலிருக்க வழி என்னவென்று பேசுகின்றவர் எத்தனை பேர்?

கலைத்தபின் இரண்டு மூன்று மாதம் கர்ப்பம் தரிக்காது என்று பலர் தைரியமாய் இருந்து விடுகின்றார்கள். இது சுத்தப் புரட்டு. மாத்திரையால் கலைத்தவர்களுக்கு 8, 10 நாளிலேயே கூடக் கருமுட்டை வெளிப்படலாம். வீட்டுவிலக்கு வரட்டும் என்று காத்திருப்பதற்குள் அடுத்த கர்ப்பம் வந்து நிற்கும். ஆகவே அன்றைக்கே யோசிக்க வேண்டும். கருவி கொண்டு கலைத்தவர்களுக்குத் தொற்று ஒன்றும் இல்லாவிட்டால் அப்போதே காப்பர்-டி வைத்து விடலாம். மாத்திரையால் கலைத்தவர்களுக்கு, முழுவதும் கலைந்தது தெரிந்தபின் வைக்கலாம். தடை மாத்திரையைப் பெரும்பாலோர் அன்றே தொடங்கலாம்.

தொடங்கினாலும் தொடர விடுகின்றார்களா? அங்கேதான் நமது திண்ணை வைத்தியர்கள் வந்து விடுகின்றார்கள். காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடுமாம்! கருப்பையிலிருந்து நெஞ்சுக்குப் பாதை எது என்று கேட்டால் பதில் கிடையாது. மூன்று மாத ஊசி போட்டு விலக்கு நின்றால் கெட்ட ரத்தம் வயிற்றில் தேங்கி விடுமாம்! கருப்பையின் உட்சவ்வு வளராதபோது கழிவதற்கு ரத்தம் ஏது? காப்பர்-டி வைத்த முதல் 3 மாதம், 6 மாதம் வரை போக்கு அதிகமாயிருக்கலாம், பிறகு பெரும்பாலும் குறையும் என்பது உண்மை. இதை முன்னமே சொல்லாத டாக்டர்கள் பேரிலும் குற்றமுண்டு. சொல்லாததால் பயந்துபோய் எடுத்து விடுகின்றார்கள். ஒரு முறை ஒத்துக்கொள்ளாவிட்டால் எடுத்துவிட அவளுக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் எடுத்த அன்றே வேறொன்று கைவசம் இருக்க வேண்டாமா?

நிற்க, "ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் கலைப்போம்" என்று மிரட்டுகின்ற யோக்கியர்களும் இருக்கின்றார்கள். 1971-ம் வருஷத்துச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. 18 வயது நிரம்பிய, சித்தசுவாதீனமுள்ள பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். புருஷன் கையெழுத்து வேண்டியதில்லை. தடை முறை தவறினதால் உண்டான கர்ப்பத்தைப் பற்றிய ஷரத்தில் "கணவன்" என்றிருந்ததை 2021-ல் "துணைவர்" என்று மாற்றியும் ஆய்விட்டது. சட்டம் மாறினாலும் ஆஸ்பத்திரி மேஜை மாறவில்லை போலும்.

இனி ஆண்பிள்ளைச் சிங்கங்களின் சங்கதி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்குப்படி இந்தியாவில் விவாகமான பெண்களில் 100-க்கு 37.9 பேர் ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். புருஷன் செய்து கொண்டதோ 0.3! ஆணுக்குச் செய்வதில் வயிற்றுக்குள் கத்தி போவதில்லை, அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம், ஆண்மையும் போவதில்லை. செய்தபின் 3 மாதம் உறை போட்டுக்கொண்டு, விந்துவைப் பரீட்சை செய்து கொள்ள வேண்டும், அவ்வளவே. அதற்கும் மனமில்லாதவர்கள் உறையாவது வாங்கினார்களா? அவள் ஜாக்கிரதையாயில்லை என்று பேசவருகின்ற புருஷர் அதற்கு முதலில் ஜவாப் சொல்லட்டும்.